அயலூரில் ஒரு புத்தகக் கடை

ஊருக்குப் போய்த் திரும்பும்போது நம் பெட்டிகளில் என்னென்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சாம்பார்ப் பொடி, வடகம், அப்பளம், ஒரு ஜாடி ஊறுகாய். இவற்றுக்கு நடுவே, எண்ணெய் பட்டுவிடாமல் ஒரு துண்டில் சுற்றி, நாலைந்து தமிழ்ப் புத்தகங்களும் இருக்கும். பொடி தீர்ந்து போனால் அடுத்த வீட்டு மாமியிடம் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். புத்தகம் தீர்ந்து போனால் என்ன செய்வது? படித்து முடித்ததை யாருக்குக் கொடுப்பது, படிக்காததை யாரிடம் கேட்பது?

மொழி வேறாக உள்ள ஊரில் குடியேறிய எல்லோருக்கும் உள்ள கவலை இது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸ் மாநகரில் இந்தக் கவலைக்கு ஒரு பெண்மணி விடை கண்டார். அவர் பெயர் சில்வியா பீச். அமெரிக்கர். பிரெஞ்சு பேசும் ஊரில் ஆங்கிலப் புத்தகக் கடை ஒன்றைத் தொடங்கினார். 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி' என்பது கடையின் பெயர். உலக இலக்கிய வரலாற்றில் அந்தக் கடைக்குத் தனி இடம் உண்டு. பெரிய எழுத்தாளர்கள் வந்து போன இடம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களைப் பற்றி மட்டும் அல்லாமல், கடை எப்படி நடந்தது, யாரால் நின்றது என்பதையும் பார்த்தால் நமக்கு உதவும் என்று தோன்றுவதால் இக்கட்டுரை.

தாய் அனுப்பிய பணம்

சில்வியா பீச் 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பிறந்தவர். தந்தை ஒரு கிறித்துவப் பாதிரியார். அவர் சில ஆண்டுகள் பாரிஸில் பணியாற்றியபோது குடும்பமும் உடன் சென்றது. அந்த ஊரின் மீது சில்வியாவுக்கு அப்போது பிறந்த பற்று கடைசி வரை போகவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் மீண்டும் பாரிஸுக்கு வந்தார். பிரெஞ்சு இலக்கியம் படிக்க வந்தவர், ஒரு நூலைத் தேடிக்கொண்டு ஓதியோன் தெருவில் இருந்த சிறிய புத்தகக் கடை ஒன்றுக்குள் நுழைந்தார்.

அந்தக் கடையை நடத்தியவர் அட்ரியன் மோனியே என்ற இளம் பிரெஞ்சுப் பெண். அந்தக் கடையின் பின்னாலும் ஒரு கதை உண்டு. மோனியேயின் தந்தை ரயிலில் தபால்களைப் பிரித்துக் கொடுக்கும் ஊழியர். ஒரு ரயில் விபத்தில் அவருக்குக் காயம் பட்டது. அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தை அப்படியே மகள் கையில் கொடுத்தார் தந்தை. மகள் 1915-இல் கடையைத் திறந்தார். 'புத்தக நண்பர்களின் இல்லம்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். அங்கே புத்தகம் வாங்கவும் செய்யலாம், சந்தா கட்டி இரவல் எடுத்துப் போகவும் செய்யலாம். பிரெஞ்சு எழுத்தாளர்கள் வந்து தங்கள் படைப்புகளை வாசித்துக் காட்டுவார்கள். போர்க்காலத்தில் அந்த ஊரில் இலக்கியம் உயிரோடு இருந்த இடங்களுள் அது ஒன்று.

இருவருக்கும் நட்பு வளர்ந்தது. இது போன்ற பிரெஞ்சுக் கடை ஒன்றை நியூயார்க்கிலோ லண்டனிலோ திறக்க வேண்டும் என்பதே சில்வியாவின் முதல் எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஊர்களின் வாடகை கட்டுப்படியாகவில்லை. அப்படியானால் பாரிஸிலேயே ஆங்கிலக் கடை வைத்தால் என்ன? அமெரிக்காவில் இருந்த தாய்க்குத் தந்தி அடித்தார். பாரிஸில் புத்தகக் கடை திறக்கப் போகிறேன், பணம் அனுப்பு என்பதுதான் சேதி. தாயும் தம் சேமிப்பு முழுவதையும் அனுப்பி வைத்தார். மூவாயிரம் டாலர்.

சலவைக் கடை ஒன்று காலி செய்த இடத்தில், தூப்பித்ரன் தெரு 8-ஆம் எண்ணில், 1919 நவம்பர் 19-ஆம் நாள் கடை திறந்தது. 1921-இல் ஓதியோன் தெரு 12-ஆம் எண்ணுக்கு மாறியது. மோனியேயின் கடை அதே தெருவில் 7-ஆம் எண். ஒரு பக்கம் பிரெஞ்சுக் கடை, எதிர்ப்பக்கம் ஆங்கிலக் கடை. தெருவைக் கடந்தால் மொழி மாறும்!

இரவல் அட்டை

இறக்குமதியான ஆங்கிலப் புத்தகம் அன்றைய பாரிஸில் விலை அதிகம். இளம் எழுத்தாளர்களும் மாணவர்களும் வாங்க முடியாது. ஆகவே கடையின் உயிர்நாடி விற்பனை அன்று, இரவல்தான். ஒரு மாதத்துக்கோ, மூன்று மாதத்துக்கோ, ஓராண்டுக்கோ சந்தா கட்டலாம். ஒரு சிறு டெபாசிட்டும் உண்டு. விலகும்போது அது திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் அட்டை. அதில் பெயர், முகவரி, எடுத்த புத்தகம், எடுத்த தேதி, திருப்பித் தந்த தேதி எல்லாம் எழுதி வைப்பார்கள். புத்தகப் பட்டியல் என்று எதுவும் கிடையாது. அலமாரியைத் துழாவி நாமே கண்டுபிடித்துக் கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் சில்வியாவைக் கேட்க வேண்டும். கேட்கப் போனால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் தேடி வந்ததோடு தேடாத புத்தகம் ஒன்றும் கைக்கு வரும்.

1921 கடைசியில் இருபத்திரண்டு வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் கடைக்கு வந்தார். பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். டெபாசிட் கட்டக் கையில் காசு இல்லை. அதைச் சொல்லவே கூச்சம். சில்வியாவோ, முடியும்போது கட்டுங்கள் என்று சொல்லி அங்கேயே அட்டை போட்டுக் கொடுத்தார். எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். துர்கனேவ், டால்ஸ்டாய், தாஸ்தாயெவ்ஸ்கி, டி. எச். லாரன்ஸ் என்று ஒரு கட்டுப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு போனார் அந்த இளைஞர். அவர்தான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எர்னஸ்ட் ஹெமிங்வே. கல்லூரிப் படிப்பு இல்லாத அவருக்கு அந்த அலமாரிகள்தாம் கல்லூரி. முன்பின் தெரியாத தம்மிடம் அவ்வளவு அன்பு காட்டியவர் வேறு யாரும் இல்லை என்ற பொருளில், பல ஆண்டுகள் கழித்து நன்றியோடு எழுதினார் அவர்.

கடைக்கு ஆங்கிலேயரும் அமெரிக்கரும் மட்டுமே வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். தொடக்கத்திலேயே சேர்ந்தவர்களுள் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் ஒருவர். மோனியேதான் கையோடு அழைத்து வந்து அவரைச் சேர்த்துவிட்டார். பின்னாளில் சிமோன் த பொவ்வார், மார்த்தினிக் தீவிலிருந்து படிக்க வந்த எமே செசேர், ஜெர்மனியை விட்டு வந்த வால்ட்டர் பெஞ்சமின் ஆகியோருக்கும் அங்கே அட்டை இருந்தது. இவர்களைப் போலப் பெயர் பெற்றவர்கள் சிலரே. வழக்கறிஞர், ஆசிரியர், மருத்துவ மாணவர், குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் தேடி வந்த தாய்மார்கள் என்று மற்றவர்களே மிகுதி. மாதா மாதம் வந்த அவர்களுடைய சிறு தொகைதான் கடை வாடகையைக் கட்டியது.

வீட்டு முகவரி நிலையாக இல்லாத எழுத்தாளர்களுக்குக் கடிதம் வரும் விலாசமும் அந்தக் கடைதான். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பெட்டியை வைத்த கையோடு அங்கே வருவார்கள். யார் எங்கே இருக்கிறார், எந்த வீட்டில் அறை காலி, எந்தப் பத்திரிகை கதைக்குப் பணம் தருகிறது, எல்லாச் சேதியும் அங்கே கிடைக்கும்.

எதிர்க்கடையும் சும்மா இருக்கவில்லை. எலியட்டின் நீண்ட கவிதை ஒன்றைச் சில்வியாவும் மோனியேயும் சேர்ந்து பிரெஞ்சில் மொழிபெயர்த்து, மோனியே நடத்திய பத்திரிகையில் 1925-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஹெமிங்வேயின் கதையும் அதே பத்திரிகையில் பிரெஞ்சில் வந்தது. குடியேறியவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நடந்திருக்காத காரியம் இது. தெருவைக் கடந்து போனதால் நடந்தது.

யாரும் அச்சிடாத நூல்

ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1920-இல் குடும்பத்தோடு பாரிஸுக்கு வந்தார். கண் பார்வை மங்கி வந்த காலம். கையில் பணம் இல்லை. எழுதிக்கொண்டிருந்த 'யூலிசிஸ்' நாவல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1921 பிப்ரவரியில் பத்திரிகையை நடத்திய இரு பெண்களுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. அதன் பிறகு எந்தப் பதிப்பாளரும் அந்த நூலைத் தொடத் துணியவில்லை.

கடைக்கு வந்து தம் நிலையைச் சொல்லி வருந்தினார் ஜாய்ஸ். சில்வியாவுக்குப் பதிப்புத் தொழிலில் அனுபவம் கிடையாது. மூலதனமும் கிடையாது. ஆயினும், இந்த நூலை வெளியிடும் பெருமையை என் கடைக்குத் தருவீர்களா என்று அவரே கேட்டார். ஜாய்ஸ் உடனே சம்மதித்தார்.

பணத்துக்கு என்ன வழி? முன்பதிவுதான். ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சிடுவது, அவற்றை முன்கூட்டியே விலை பேசுவது என்று முடிவாயிற்று. விளம்பரத் தாள்கள் உலகெங்கும் போயின. பெர்னார்ட் ஷா மறுத்து எழுதினார். வேறு பலர் பணம் அனுப்பினார்கள். திஷோன் நகர அச்சகம் ஒன்று வேலையை ஏற்றது. மெய்ப்பு வரும்போதெல்லாம் ஜாய்ஸ் ஓரங்களில் புதிதாக எழுதித் தள்ளினார். நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மெய்ப்புத் தாள்களிலேயே எழுதப்பட்டது என்பார்கள். கோத்த எழுத்தைப் பிரித்துப் பிரித்து மீண்டும் கோக்க வேண்டியிருந்தது. செலவு ஏறிக்கொண்டே போனது. கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்த ஒரு பெண்ணின் கணவர், அதில் எழுதியிருந்ததைப் பார்த்து அதிர்ந்து, சில பக்கங்களை நெருப்பில் போட்டுவிட்ட சம்பவமும் நடந்தது!

1922 பிப்ரவரி 2. அன்று ஜாய்ஸுக்கு நாற்பதாம் பிறந்த நாள். காலை ஏழு மணிக்கு ரயில் நிலையத்தில் காத்திருந்தார் சில்வியா. திஷோனிலிருந்து வந்த ரயிலின் கண்டக்டர் ஒரு பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். உள்ளே இரண்டு பிரதிகள். ஒன்று நேரே ஜாய்ஸ் வீட்டுக்குப் போனது. மற்றது கடைக் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. கூட்டம் கூடியது.

அமெரிக்காவுக்குள் நூலைக் கொண்டு போகத் தடை. ஹெமிங்வேக்குத் தெரிந்த ஒருவர் கனடா எல்லையில் அறை எடுத்துத் தங்கி, படகில் ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் உடைக்குள் பிரதியை மறைத்துக்கொண்டு அக்கரை சேர்த்தார். அங்கிருந்து முன்பதிவு செய்தவர்களுக்குப் போனது.

பத்தாண்டுக் காலம் அந்த நூலை விடாமல் அச்சிட்டு வந்தார் சில்வியா. ஜாய்ஸுக்குப் பணம் தேவைப்பட்டபோதெல்லாம் கடைப் பெட்டியே வங்கியாக இருந்தது. பிறகு அமெரிக்காவிலேயே பெரிய பதிப்பகம் ஒன்று நூலை வெளியிட முன்வந்தது. 1933 டிசம்பரில் நீதிமன்றம் தடையை நீக்கியது. 1934-இல் அங்கே நூல் வெளிவந்து நன்றாக விற்றது. சில்வியா தம் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தார். அந்த விற்பனையில் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. அவர் இதைப் பற்றிப் பெரிதாகப் புலம்பவும் இல்லை. நூல் பிறந்தது, பிள்ளை தாயைச் சேர்ந்தது, மருத்துவச்சியை அல்ல என்ற விதமாக எடுத்துக்கொண்டார்.

இருநூறு அன்பர்கள்

1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. பாரிஸில் இருந்த அமெரிக்கர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். சந்தா குறைந்தது. கையில் இருந்த அரிய நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் விற்றுப் பார்த்தார் சில்வியா. அப்படியும் முடியவில்லை. கடையை மூடிவிடலாம் என்று நினைக்கிறேன் என்று ஒரு நாள் ஆந்த்ரே ஜீத்திடம் சொன்னார்.

ஜீத் அதை ஏற்கவில்லை. எழுத்தாளர்களைக் கூட்டினார். 1936-இல் 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனியின் நண்பர்கள்' என்ற சங்கம் உருவாயிற்று. இருநூறு உறுப்பினர்கள், ஆளுக்கு ஆண்டுக்கு இருநூறு பிராங்க் என்பது திட்டம். அதற்கு ஈடாக, எழுத்தாளர்கள் கடைக்கே வந்து அச்சில் வராத படைப்புகளை உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். ஜீத் முதலில் வாசித்தார். பால் வலேரி வாசித்தார். எலியட் இதற்காகவே லண்டனிலிருந்து வந்தார். மேடையில் பேசவே மாட்டேன் என்றிருந்த ஹெமிங்வேயும் 1937-இல் ஸ்பெண்டரோடு சேர்ந்து வாசித்தார். கடை சிறியது. இடம் போதாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சந்தா கட்டாமல் வாசலில் நின்று ஏமாந்து போனவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆங்கிலக் கடையைக் காப்பாற்ற முன்னின்றவர்கள் பிரெஞ்சு எழுத்தாளர்கள். பதினாறு ஆண்டுகளாக எதிர்க்கடையோடும் அந்த ஊர்க்காரர்களோடும் கொடுத்து வாங்கிப் பழகியிராவிட்டால், கஷ்டம் வந்தபோது யார் வந்திருப்பார்கள்?

இரண்டு மணி நேரம்

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்தது. அமெரிக்கத் தூதரகம் தன் மக்களை ஊருக்குப் போகச் சொன்னது. சில்வியா போகவில்லை. கடை தொடர்ந்து நடந்தது.

1941 டிசம்பரில் ஜெர்மானிய அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். கண்ணாடிக்குள் இருந்த ஜாய்ஸின் கடைசி நாவலான 'ஃபினெகன்ஸ் வேக்' வேண்டும் என்றார். கடையில் இருந்தது அந்த ஒரே பிரதி. ஜாய்ஸ் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் காலமாகியிருந்தார். விற்பதற்கில்லை, அது என் சொந்தப் பிரதி என்று மறுத்துவிட்டார் சில்வியா. அதிகாரி கோபத்தோடு போனார். சில நாள் கழித்து மீண்டும் வந்து, இன்றே உன் கடைச் சரக்கு முழுவதையும் பறிமுதல் செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நடந்ததுதான் அந்தக் கடையின் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. அதே கட்டடத்தின் மாடியில் ஒரு குடியிருப்பு காலியாக இருந்தது. கட்டடக் காவல்காரப் பெண்மணி, வீட்டைத் திறந்துவிடச் சம்மதித்தார். நண்பர்கள் ஓடி வந்தார்கள். துணி துவைக்கப் போடும் கூடைகளில் புத்தகங்களை அள்ளி அள்ளி மாடிப்படி ஏற்றினார்கள். சுமார் ஐயாயிரம் புத்தகங்கள், கடிதங்கள், சுவரில் இருந்த படங்கள், மேசை நாற்காலி, மின்விளக்கு வரை எல்லாம் மேலே போயின. தச்சர் வந்து அலமாரிகளைக் கழற்றினார். வாசலில் எழுதியிருந்த கடைப் பெயரைச் சாயம் பூசி மறைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. 12-ஆம் எண்ணில் ஒரு கடை இருந்த சுவடே தெரியவில்லை. ஜெர்மானியர் அந்தப் புத்தகங்களைக் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

சில்வியாவைக் கண்டுபிடித்தார்கள். 1942-இல் கைது செய்து வித்தேல் என்ற ஊரில் முகாமில் ஆறு மாதம் அடைத்து வைத்தார்கள். விடுதலை ஆனபின் பாரிஸில் ஒதுங்கி வாழ்ந்தார். 1944 ஆகஸ்டில் நகரம் விடுதலை பெற்ற நாள்களில், ஓதியோன் தெருவில் சில ஜீப்புகள் வந்து நின்றன. சில்வியா, சில்வியா என்று உரத்த குரல். கீழே ஓடி வந்தவரைத் தூக்கிச் சுற்றினார் ஹெமிங்வே. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் டெபாசிட் கட்டக் காசில்லாமல் தயங்கி நின்ற அதே இளைஞர்! கூரை மேல் எதிரிகள் பதுங்கியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

சில்வியா கடையை மீண்டும் திறக்கவில்லை. 1959-இல் தம் நினைவுகளை நூலாக எழுதினார். 1962-இல் ஓதியோன் தெரு வீட்டிலேயே காலமானார். அவர் பாதுகாத்து வைத்திருந்த தாள்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அவற்றுள் அந்த இரவல் அட்டைகளும் அடக்கம். இன்று பல்கலைக்கழகத்தார் அவற்றைக் கணினியில் ஏற்றி, யார் எந்த நாளில் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று எவரும் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். பெரிய எழுத்தாளரின் அட்டையும், பெயர் தெரியாத மாணவரின் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

மீண்டும் அதே பெயர்

இன்று பாரிஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்க்கும் 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி', சில்வியா நடத்திய கடை அன்று. நோத்ர தாம் தேவாலயத்துக்கு எதிரே, ஆற்றின் இக்கரையில், ஜார்ஜ் விட்மன் என்ற அமெரிக்கர் 1951-இல் திறந்த கடை அது. தொடக்கத்தில் அதன் பெயர் 'லெ மிஸ்த்ரால்'. ஷேக்ஸ்பியர் பிறந்த நானூறாம் ஆண்டான 1964-இல், சில்வியா பீச்சின் நினைவாக அவர் கடைப் பெயரை விட்மன் எடுத்துக்கொண்டார். பின்னர் பிறந்த மகளுக்கும் சில்வியா என்றே பெயர் வைத்தார்.

விட்மன் இளமையில் மத்திய அமெரிக்க நாடுகளில் கால்நடையாகச் சுற்றியவர். வழியில் நோயுற்று விழுந்தபோது, மொழி தெரியாத ஏழை மக்கள் எடுத்து வைத்துப் பராமரித்தார்கள். அந்தக் கடனை அவர் தம் கடையில் திருப்பிக் கட்டினார் என்றே சொல்லலாம். தங்க இடமில்லாமல் வரும் இளம் எழுத்தாளர்களுக்குப் புத்தக அலமாரிகளுக்கு இடையே படுக்கை கொடுத்தார். வாடகை கிடையாது. நிபந்தனை மூன்று. நாளுக்கு ஒரு புத்தகம் படிக்க வேண்டும். கடை வேலையில் சிறிது கை கொடுக்க வேண்டும். போகும்போது தன் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படித் தங்கியவர்கள் முப்பதாயிரம் பேர் இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த ஒரு பக்க வரலாறுகளைக் கடையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

விட்மன் 2011-இல் தமது 98-ஆம் வயதில், கடைக்கு மேலே இருந்த வீட்டிலேயே மறைந்தார். மகள் கடையை நடத்தி வருகிறார். 2020-இல் கொரோனாக் காலத்தில் விற்பனை எண்பது விழுக்காடு விழுந்துவிட்டது. நிலைமையை மறைக்காமல் வாசகர்களுக்கு எழுதினார் மகள் சில்வியா. பல நாடுகளிலிருந்தும் புத்தக ஆர்டர்கள் வந்து குவிந்தன. முன்பு எப்போதோ ஒரு மாலை அங்கே உட்கார்ந்து படித்துவிட்டுப் போனவர்களும் கடையை மறந்திருக்கவில்லை. 1936-இல் இருநூறு பேர் செய்ததை இம்முறை ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் செய்தார்கள்.

நம் அலமாரி

இனி நம் விஷயத்துக்கு வருவோம். பிழைப்புக்காக வந்த ஊர்களில் நம்மவர்கள் கோயில் கட்டியிருக்கிறோம், பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம். சங்கக் கட்டடத்தின் ஒரு மூலையில் கண்ணாடி போட்ட புத்தக அலமாரியும் இருக்கும். அதற்குச் சாவி யாரிடம் என்று கேட்டால், செயலாளரிடம் இருக்கலாம் என்பார்கள். அவரைக் கேட்டால், முன்னாள் செயலாளரிடம் இருக்கலாம் என்பார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நாம் எல்லோரும் இந்தக் கதையின் பாத்திரங்கள்தாம்.

இப்போது எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறதே, புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், கிடைக்கிறது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் அந்த ஊர் மொழியும் படிக்கும் பிள்ளை, எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும் நிலையில் நிற்கிறது. அந்தப் பிள்ளையிடம், இதைப் படித்துப் பார் கண்ணா, அடுத்த வாரம் வந்து எனக்குக் கதை சொல் என்று புத்தகத்தை நீட்ட ஓர் ஆள் வேண்டும். சில்வியா பீச் செய்த வேலையில் பெரும் பகுதி இதுதான். உலகப் புகழ் பெற்ற நாவலைப் பதிப்பித்தது ஒருமுறை. புத்தகத்தை நீட்டியது இருபத்திரண்டு ஆண்டுகள்.

அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. அவருடையது பழைய சலவைக் கடையில் தொடங்கியது. பெரும் பணமும் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அலமாரியைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் போதும். உறுப்பினருக்கு ஓர் அட்டை போடலாம். பிள்ளைகளுக்கு டெபாசிட் வேண்டாம். மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் தாம் படித்த நூலைப் பற்றிப் பேசலாம். பக்கத்து வீட்டுக் கன்னடரோ மராத்தியரோ வங்காளியோ இலக்கிய ஆர்வம் உள்ளவராக இருந்தால் அவரையும் அழைக்கலாம். அவர் மொழிக் கதை ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், நம் கதை ஒன்றை அவருக்குச் சொல்லலாம். ஓதியோன் தெருவில் இரண்டு கடைகளும் எதிரும் புதிருமாக நின்று வளர்ந்தது இந்த வழியில்தான்.

வீட்டுப் பரண்களில் படித்து முடித்த தமிழ்ப் புத்தகங்கள் எத்தனை அட்டைப் பெட்டிக்குள் கிடக்கின்றன என்று ஒரு முறை ஏறிப் பாருங்கள். அவற்றை இறக்கித் தூசு தட்டிச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சங்கத்திலிருந்து எடுத்துப் போய் மறந்துபோன புத்தகம் ஏதாவது அந்தப் பெட்டியில் இருந்தால், கூச்சப்படாமல் அதையும் கொண்டு வாருங்கள். காலதாமதத்துக்கு அபராதம் கேட்க மாட்டோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வடகத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவே, உங்களுக்காக வாங்கும் நாலு புத்தகத்தோடு இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்காக ஒரு புத்தகமும் சேர்த்து வாங்கி வாருங்கள்.